வீடியோ எடிட்டிங்கில் ரெண்டர் காத்திருப்பைத் தவிர்ப்பது எப்படி?

எஃபெக்ட் போட்ட ஒரு கிளிப்பில் சிறு மாற்றம் செய்தாலும் டைம்லைனின் (கிளிப்புகளை வரிசையாக அடுக்கும் பகுதியின்) மேல் மீண்டும் சிவப்புக் கோடு வந்து, ரெண்டர் செய்து (எஃபெக்டுகளைக் கணக்கிட்டுப் படமாக எழுதி) முடித்தால்தான் தடையின்றிப் பார்க்க முடியும் என்ற நிலை உருவானால், எடிட் செய்பவரின் கவனம் காட்சியின் ஓட்டத்தை விட்டுக் காத்திருப்பதிலேயே கரைந்துவிடுகிறது. புதிய கணினி வாங்கினால் இது தீரும் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அதற்கு முன் தாமதம் எங்கே பிறக்கிறது என்று கண்டறிய வேண்டும். அது மூலக் கோப்பை வாசிப்பதில் பிறக்கலாம். அதன்மேல் போட்ட எஃபெக்டுகளில் பிறக்கலாம். இரண்டுக்கும் மருந்து வேறு.

கண்டறிவது எளிது. எல்லா எஃபெக்டுகளையும் தற்காலிகமாக நிறுத்திவிட்டு டைம்லைனை ஓட்டிப் பாருங்கள். பிரீமியர் ப்ரோ என்ற எடிட்டிங் மென்பொருளில் இதற்கென்றே குளோபல் எஃப்எக்ஸ் மியூட் என்ற பட்டன் இருக்கிறது. டாவின்சி ரிசால்வ் என்ற மென்பொருளில் கலர் கிரேடையும் (நிறத் திருத்தத்தையும்) ஃபியூஷன் எஃபெக்டுகளையும் ஒரே பட்டனில் நிறுத்தலாம். நிறுத்திய பிறகும் படம் திக்கித் திக்கி ஓடினால், சிக்கல் பெரும்பாலும் கோப்பில்தான் இருக்கிறது. சீராக ஓடினால் எஃபெக்டுகளே காரணம்.

என் அனுபவத்தில் முதல் வகைதான் அதிகம். கைபேசிகளும் பெரும்பாலான கேமராக்களும் எச்.264 அல்லது எச்.265 கோடெக்கில், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறையில், பதிவு செய்கின்றன. இவற்றில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுப் படமாக இருப்பதில்லை. முழு ஃபிரேம் ஒன்று வந்தபின், அடுத்து வரும் பல ஃபிரேம்களில் மாறிய பகுதிகள் மட்டுமே பதிவாகின்றன. தொடர்ந்து பார்ப்பதற்கு இந்த முறை நல்லது. எடிட்டிங்கிற்கு அது பெரும் சுமை. முழு ஃபிரேம் 30 ஃபிரேமுக்கு ஒருமுறை வருவதாக வைத்துக்கொண்டால், நீங்கள் பிளேஹெட்டை (டைம்லைனில் தற்போதைய இடத்தைக் காட்டும் குறியை) 28ஆவது ஃபிரேமில் வைக்கும்போது, அந்த ஒரு படத்தைக் காட்டுவதற்காகக் கணினி முதல் ஃபிரேமிலிருந்து கணக்கிட்டு வர வேண்டியிருக்கும். பின்னோக்கி ஓட்டும்போது இந்த வேலை இன்னும் கூடுகிறது. நிற விவரம் அதிகமுள்ள 10 பிட், 4:2:2 வகை எச்.264 கோப்பாக இருந்தால், பல கிராபிக்ஸ் கார்டுகளில் அதற்கான வன்பொருள் டிகோடிங் (சுருக்கிய வீடியோவை விரிக்கும்) வசதியே கிடையாது. முழுச் சுமையும் பிராசஸர் மேல் விழும். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, கிளிப் ஓடும்போது ஜிபியு (கிராபிக்ஸ் கார்டு) பக்கத்தில் உள்ள வீடியோ டிகோட் வரைபடம் அசைகிறதா என்று பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

இதற்குச் சரியான வழி ப்ராக்ஸி. மூலக் கோப்புகளைத் தொடாமல், அவற்றுக்குச் சிறிய பிரதிகளை ப்ரோரெஸ் ப்ராக்ஸி அல்லது டிஎன்எக்ஸ்ஹெச்ஆர் எல்பி வடிவில் உருவாக்கி, அவற்றை வைத்து எடிட் செய்வதே இந்த முறை. இந்தக் கோடெக்குகளில் ஒவ்வொரு ஃபிரேமும் தனித்தனியாக முழுமையாக இருப்பதால், பிளேஹெட்டை எங்கே வைத்தாலும் படம் உடனே வரும். ப்ரோரெஸ் ப்ராக்ஸி 1080 அளவில், விநாடிக்கு 29.97 ஃபிரேம் என்றால், விநாடிக்குச் சுமார் 45 மெகாபிட். ஒரு மணி நேரக் காட்சிக்கு ஏறத்தாழ 20 ஜிபி இடம் வேண்டும். ப்ராக்ஸியின் ஃபிரேம் ரேட்டும் ஆடியோ சேனல் எண்ணிக்கையும் மூலக் கோப்புடன் அப்படியே ஒத்துப்போக வேண்டும். மாறினால் இணைப்பில் குழப்பம் வரும். இரவில் ப்ராக்ஸி உருவாக்கத்தைத் தொடங்கிவிட்டால், காலையில் தாமதமின்றி வேலையில் இறங்கலாம். ஃபோகஸையும் நிறத்தையும் மதிப்பிடும்போது மட்டும் மூலக் கோப்புக்கு மாறிப் பாருங்கள். ஏற்றுமதிக்கு முன், ப்ராக்ஸியைப் பயன்படுத்தும் தேர்வு அணைந்திருக்கிறதா என்று ஒருமுறை உறுதி செய்யுங்கள்.

கைபேசிப் பதிவுகளில் இன்னொரு தொல்லை உண்டு. அவற்றின் ஃபிரேம் ரேட் நிலையாக இருக்காது. அதனால் ஓட்டம் தடுமாறுவதோடு, ஒலியும் உதட்டசைவும் விலகிப் போகலாம். ஹேண்ட்பிரேக் போன்ற இலவச மென்பொருளில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிய பிறகே அவற்றை ப்ராஜெக்டில் சேர்ப்பது நல்லது. டைம்லைனின் அளவும் ஃபிரேம் ரேட்டும் பெரும்பான்மையான கிளிப்புகளுடன் பொருந்தட்டும்.

எஃபெக்டுகளே காரணமென்றால், வேலையின் வரிசையை மாற்ற வேண்டும். வெட்டும் வேலை முழுவதும் முடிந்து, காட்சிகளின் நீளம் உறுதியான பிறகே நாய்ஸ் குறைப்பு (படத்தில் தெரியும் புள்ளிகளை நீக்குவது), ஸ்டெபிலைசேஷன் (ஆட்டத்தைக் குறைப்பது), ஆப்டிகல் ஃப்ளோ ஸ்லோமோஷன் (இடைப்பட்ட ஃபிரேம்களைக் கணித்து உருவாக்கும் மெதுவோட்டம்) ஆகியவற்றைத் தொடுங்கள். இவை ஒரு ஃபிரேமைக் கணக்கிட அக்கம்பக்கத்து ஃபிரேம்களையும் ஆராய்பவை என்பதால் எந்தக் கணினியையும் திணற வைக்கும். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை: பிறகு வெட்டி எறியப்போகும் காட்சிக்கு நாய்ஸ் குறைப்புப் போடுவது நேரத்தை வீணாக்குவதாகும். முடிவான கனமான கிளிப்பை, பிரீமியரில் ரெண்டர் அண்ட் ரிப்ளேஸ் மூலமும், ரிசால்வில் ரெண்டர் இன் ப்ளேஸ் மூலமும் தனிக் கோப்பாக மாற்றிவிடலாம். பிறகு அது சாதாரணக் கிளிப்பைப் போலவே ஓடும். முழு டைம்லைனையும் மூடும் அட்ஜஸ்ட்மென்ட் லேயரை (கீழுள்ள கிளிப்புகள் அனைத்துக்கும் எஃபெக்ட் போடும் அடுக்கை)க் கடைசிவரை அணைத்தே வைத்திருங்கள், ஏனெனில் அதில் ஒரு மதிப்பை மாற்றினாலும் அதன் கீழுள்ள அனைத்தையும் மீண்டும் ரெண்டர் செய்ய வேண்டியதாகிவிடும்.

பிளேபேக் ரெசல்யூஷனைப் பாதியாகவோ கால்பங்காகவோ குறைப்பதால் இறுதி வீடியோவின் தரம் குறையாது, தயங்காமல் குறைக்கலாம். பிரீமியரில் மஞ்சள் கோடு இருக்கும் பகுதி பெரும்பாலும் ரெண்டர் இல்லாமலே ஓடிவிடும். சிவப்புப் பகுதியில்கூட, தொடக்கத்தையும் முடிவையும் இன், அவுட் புள்ளிகளாகக் குறித்துத் தேவையான சில விநாடிகளை மட்டும் ரெண்டர் செய்தால் போதும். ஃபைனல் கட் ப்ரோவில் பின்னணி ரெண்டர் தானாகத் தொடங்குவது இடைஞ்சலாக இருந்தால், பிளேபேக் அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம். ரிசால்வில், ரெண்டர் செய்தவற்றைத் தற்காலிகமாகச் சேமிக்கும் ரெண்டர் கேச்சை ஸ்மார்ட் நிலையில் வைத்தால், எந்தக் கிளிப்புக்குக் கேச் தேவை என்பதை மென்பொருளே முடிவு செய்யும். அந்த முடிவு உங்கள் கையில் இருக்க வேண்டுமென்றால் யூசர் நிலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

கேச் கோப்புகளை இயங்குதளம் இருக்கும் வட்டில் வைக்காமல் தனி எஸ்எஸ்டியில் வையுங்கள். சுழலும் ஹார்டு டிஸ்க் ஒரே கோப்பைத் தொடர்ந்து வாசிக்கும்போது தாக்குப்பிடிக்கும். மூன்று நான்கு அடுக்குகளில் உள்ள கிளிப்புகளை மாறி மாறி வாசிக்கும்போது தடுமாறும். வட்டு நிரம்பிவிட்டாலும் வேகம் குறையும் என்பதால், ஒரு ப்ராஜெக்ட் முடிந்ததும் அதன் கேச்சை மென்பொருளின் வழியாகவே அழித்துவிடுங்கள். கேச் எப்போது வேண்டுமானாலும் மறுபடி உருவாகக்கூடியது. ஆனால் மூலக் கோப்புகள் அப்படி அல்ல என்பதால், அவற்றை அந்த எஸ்எஸ்டியில் வைக்காதீர்கள்.