முதுகு திறந்த லேஸ் கவுன்: மோட்டிஃப் தைக்கும் முறை

முதுகும் தோளும் வெறுமையாகத் தெரியும் மணக்கோல கவுனில் லேஸ் எதையும் தாங்குவதில்லை. தாங்குவது உள்ளே இருக்கும் ஸ்கின் கலர் நெட். அதில் கஞ்சத்தனம் காட்டினால் எவ்வளவு உயர்ந்த லேஸும் தொங்கிவிடும். நாலு பக்கமும் இழுபடும் பவர் மெஷ் என்ற நெட்டை எடுங்கள். நிறத்தைக் கையில் வைத்துப் பார்க்காதீர்கள். வெயில் படும் கை வேறு, முதுகு வேறு. முதுகிலேயே போட்டு, பகல் வெளிச்சத்தில் ஒருமுறை, ஃபிளாஷில் ஒருமுறை பாருங்கள். வெளிறிய நெட் படத்தில் சாம்பல் பூத்தாற்போல் விழும்.

லேஸிலிருந்து பூக்களை (மோட்டிஃப்) தனித்தனியாக வெட்டித் தைக்க அலான்சோன் லேஸ்தான் எங்கள் தேர்வு. பூவைச் சுற்றி ஓடும் கயிறு வெட்டிய ஓரத்தை மறைத்துவிடும். கயிற்றுக்கு வெளியே 2 மி.மீ. விட்டு வெட்டுங்கள், கயிறு அறுந்தால் பூவே பிரியும். கனமான குய்ப்யூர் வகை லேஸ் இடுப்புக்குக் கீழே போகட்டும், தோளில் வைத்தால் நெட்டை இழுத்துவிடும்.

பெரும்பாலான கவுன்கள் கெடுவது மேசையில்தான். நெட்டைத் தட்டையாக விரித்து லேஸைத் தைத்தால், உடுத்தும்போது நெட் விரியும், லேஸ் விரியாது; விளைவு சுருக்கம், அல்லது தையல் தெறிப்பு. டம்மியிலோ உடம்பிலோ போட்டு, விரிந்த நிலையில் குண்டூசி குத்தி, கச்சாத் தையல் போடுங்கள். பூக்களுக்கு நடுவே 1 செ.மீ. நெட் சும்மா இருக்கட்டும். அக்குளுக்குப் பின்னால் லேஸே வேண்டாம், கை தூக்கும்போது இழுபடும் இடம் அது.

பிறகு ஒற்றை நூலில், மெல்லிய ஊசியால், 2–3 மி.மீ. தையல். நான்கு செ.மீ.க்கு ஒருமுறை பின்தையலிட்டுப் பூட்டினால், ஓரிடத்தில் அறுந்தது மொத்தமாகப் பிரியாது. 2011-இல் பிரிட்டன் இளவரசர் வில்லியமை மணந்த கேட் மிடில்டனின் மணக்கவுனுக்கு லேஸ் தைத்த ராயல் ஸ்கூல் ஆஃப் நீடில்வொர்க் கைவினைஞர்கள் அரை மணிக்கொருமுறை கை கழுவினார்கள், மூன்று மணி நேரத்துக்கொருமுறை ஊசி மாற்றினார்கள். மிகையல்ல, மழுங்கிய ஊசி நெட்டில் ஓட்டை போடும்.

முதுகு திறந்திருந்தால் கவுன் முன்பக்கம் சரியும். இடுப்பளவை விட 2 செ.மீ. குறைந்த பீட்டர்ஷாம் ரிப்பனை (விறைப்பான, வரிவரியான நாடா) உள்ளே, பக்கத் தையல்களில் மட்டும் பிணைத்துக் கொக்கி வையுங்கள். உடுத்தும்போது முதலில் கொக்கி, அப்புறம்தான் ஜிப்.

ட்ரயலில் கை தூக்கி, உட்கார்ந்து, குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சுருங்கும் பூவைப் பிரித்துத் திரும்பத் தையுங்கள், இஸ்திரியால் சரியாகாது. நைலான் நெட் சூட்டில் உருகும். லேஸைத் துவாலையின் மேல் கவிழ்த்து, தொடாமல் ஆவி மட்டும் காட்டுங்கள்.