மெல்பர்னுக்குப் புதிதா? காபிக் கடையிலிருந்து தொடங்குங்கள்

மெல்பர்னில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே யாராவது உங்களைக் காபிக்குக் கூப்பிடுவார்கள். பழக்கமில்லை என்று சொல்லிவிட்டு மேசையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். மேலாளர் புதியவரோடு மனம்விட்டுப் பேசுவது, வேலை தேடுகிறவர் அந்தத் துறையில் இருப்பவரைச் சந்திப்பது, பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் பெற்றோர் ஒருவரோடொருவர் பழகுவது எல்லாம் இந்த ஊரில் காபிக் கடையில்தான் நடக்கிறது. காபி ஒத்துக்கொள்ளாதவர் ஹாட் சாக்லேட் வாங்கிக்கொள்ளலாம், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். கூட வந்தவர் "மை ஷவுட்" என்றால் அன்றைக்குக் காசு அவருடையது. நம் ஊர் வழக்கப்படி கையைப் பிடித்துத் தடுக்காமல் நன்றி சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை உங்களுடையது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

நம் ஃபில்டர் காபியின் ருசியை இங்கே தேட வேண்டாம். நம் டிகாக்ஷன் சொட்டுச் சொட்டாக நிதானமாக இறங்குவது, பெரும்பாலும் சிக்கரியும் கலந்தது. எஸ்பிரெஸ்ஸோ மெஷினோ சுமார் 9 பார் அழுத்தத்தில் வெந்நீரைச் செலுத்தி, அரை நிமிடத்துக்குள் சாரத்தை எடுத்துவிடுகிறது. சிக்கரி கிடையாது. இன்னொன்று, பலகையில் 'ஃபில்டர்' என்று பார்த்ததும் ஆசையாகக் கேட்டுவிடாதீர்கள். இங்கே அது பெரும்பாலும் காகித வடிகட்டியில் இறக்கிய, பால் சேர்க்காத, தெளிந்த கறுப்புக் காபி. அதுவும் அருமையானதுதான், ஆனால் கும்பகோணத்தை நினைத்துக்கொண்டு குடித்தால் ஏமாற்றமாக இருக்கும்.

பாலோடு குடிப்பவர்களுக்கு ஃப்ளாட் வைட், லாட்டே, கப்புச்சினோ மூன்றும் ஏறக்குறைய ஒரே சரக்குதான், நுரையில்தான் வேறுபாடு. ஃப்ளாட் வைட்டில் மெல்லிய படலம், லாட்டேயில் கொஞ்சம் கூடுதல், அதைப் பெரும்பாலும் கண்ணாடி டம்ளரில் தருவார்கள். கப்புச்சினோவில் நுரை தடிமன், மேலே சாக்லேட் பொடி தூவியிருக்கும். கறுப்பாக வேண்டுமென்றால் லாங் பிளாக் கேளுங்கள். வெந்நீரின் மேல் ஷாட்டை, அதாவது மெஷினில் ஒருமுறை எடுத்த எஸ்பிரெஸ்ஸோவை, இறக்குவதால் மேலே பொன்னிற நுரை கலையாமல் நிற்கும்.

டிகாக்ஷன் தூக்கலாகக் குடித்து வளர்ந்தவருக்கு என் சிபாரிசு மேஜிக். இது மெல்பர்னுக்கே உரிய பானம். இரட்டை ரிஸ்ட்ரெட்டோ, அதாவது குறைந்த நீரில் இறக்கிய அடர்த்தியான ஷாட். அதன்மேல் சின்னக் கோப்பையின் முக்கால் அளவு வரை மட்டும் பால். விலைப் பலகையில் பல கடைகளில் இருக்காது, ஆனால் கேட்டால் போடுவார்கள். அதைவிடச் சின்னதாகப் போதுமென்றால் பிக்கோலோ.

சூடு நம்மவர்களுக்குப் போதாது. பாலை 60 முதல் 65 டிகிரி வரைதான் சூடேற்றுவார்கள், அதற்கு மேல் போனால் பாலின் இயல்பான இனிப்பு கெடும் என்பது காரணம். முதலில் அவர்கள் தரும் சூட்டிலேயே, சர்க்கரை போடாமல் இரண்டு மடக்கு குடித்துப் பாருங்கள். அப்புறமும் மனசு ஆறவில்லையா, "எக்ஸ்ட்ரா ஹாட்" என்று தாராளமாகக் கேளுங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

ஒரு சனிக்கிழமை காலையை இதற்கென்றே ஒதுக்குங்கள். நகர மையத்தில் டிராம் இலவசம். போர்க் தெருவின் நாடாளுமன்ற முனையில் 1954இல் தொடங்கிய பெலெக்ரினீஸ் இருக்கிறது. இத்தாலியக் குடியேறிகள் இந்த ஊருக்குத் தந்த காபிப் பழக்கம் எப்படி இருந்தது என்று அந்த நீண்ட கவுண்டரில் உட்கார்ந்தால் தெரியும். அதன் உரிமையாளர்களில் ஒருவரான சிஸ்டோ மலஸ்பீனா, 2018 நவம்பரில் அதே தெருவில் நடந்த கத்திக்குத்துத் தாக்குதலில் கொல்லப்பட்டார். கடை வாசலில் பூக்கள் குவிந்தன, மாநில அரசு அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடத்தியது. ஒரு காபிக் கடைக்காரருக்கு! இந்த ஊரைப் புரிந்துகொள்ள இதைவிட வேறென்ன வேண்டும்? ஸ்டார்பக்ஸ் 2008இல் ஆஸ்திரேலியாவில் தன் 84 கடைகளில் 61ஐ மூட நேர்ந்ததும் இதே பின்னணியில்தான். மக்களுக்கு ஏற்கெனவே தெருவுக்குத் தெரு தெரிந்த கடை இருந்தது.

லிட்டில் போர்க் தெருவில் கூரையிலிருந்து நாற்காலிகள் தொங்கும் சின்னக் கடையின் பெயர் பிரதர் பாபா புதான். ஏமன் நாட்டிலிருந்து ஏழு காபி விதைகளை ஒளித்துக் கொண்டுவந்து சிக்கமகளூர் மலையில் ஊன்றியதாகச் சொல்லப்படும் சூஃபி துறவியின் பெயர் அது. அதே நிறுவனத்தாரின் கார்ல்டன் பகுதிக் கடைக்குப் பெயர் செவன் சீட்ஸ், அந்த ஏழு விதைகள்தான். நம் வீட்டுக் காபிக்கும் இதுதான் பூர்வகதை என்பதால் தமிழர்கள் கட்டாயம் ஒருமுறை எட்டிப்பார்க்க வேண்டும். லிட்டில் போர்க் தெருவிலிருந்து நடந்து டெக்ரேவ்ஸ் தெரு, சென்டர் பிளேஸ் சந்துகளுக்குப் போகலாம். சந்துக்குள் போட்ட மேசையில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பார்ப்பதே தனி சுகம்.

சாயங்காலக் காபிதான் நம்மவர்களுக்குச் சிக்கல். பெரும்பாலான கடைகள் காலை ஏழு மணிக்கெல்லாம் திறந்து, மூன்று நான்கு மணிக்குள் மூடிவிடும். டிப்ஸ் கட்டாயமில்லை. ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில் பல கடைகளில் கூடுதல் கட்டணம் உண்டு, அதை எழுதி வைத்திருப்பார்கள். ஓட்ஸ், பாதாம் பாலுக்கும் பொதுவாகத் தனிக் காசு. குழந்தைகளுக்கு பேபிச்சினோ என்று பால்நுரையைச் சின்னக் கோப்பையில் தருவார்கள். கூடவே வரும் மார்ஷ்மெல்லோ மிட்டாயில் பெரும்பாலும் மிருகங்களின் தோல், எலும்பிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கும். சைவக் குடும்பங்கள் ஆர்டர் செய்யும்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாணவர்களாக வந்து பகுதிநேர வேலை தேடுபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். பாரிஸ்டா, அதாவது கடையில் காபி போடுபவர், வேலைக்கு முன் 'ட்ரயல்' என்று கூப்பிடுவார்கள். ஒருவர் மேற்பார்வையில் உங்கள் கைத்திறனைப் பார்க்கத் தேவையான கொஞ்ச நேரம் மட்டும்தான் சம்பளமில்லாமல் இருக்கலாம். நாள் முழுக்க நிற்க வைத்தால் அதற்குச் சம்பளம் தர வேண்டும் என்பது சட்டம். தராவிட்டால் எத்தனை மணிக்கு வந்தீர்கள், எத்தனை மணிக்குப் போனீர்கள் என்று குறித்து வைத்துக்கொண்டு வேலை உரிமைகளைக் கவனிக்கும் அரசு அமைப்பான ஃபேர் வொர்க் ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தைக் கேளுங்கள். ஆலோசனைக்குக் கட்டணம் கிடையாது, ஆங்கிலம் தடுமாறினால் மொழிபெயர்ப்பாளரையும் இணைப்பில் சேர்த்துத் தருவார்கள்.