ஒரு பருவுக்குக் கடுகளவு

"அண்ணா, பருவுக்கு ஒரு ஆயின்மென்ட் குடுங்க." வேலூரில் சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ எந்த மெடிக்கல் ஷாப் வாசலில் பத்து நிமிஷம் நின்றாலும் இதைக் கேட்கலாம். ஒரு டியூப் கைக்கு வரும். உள்ளே என்ன மருந்து, எத்தனை சதவீதம் என்று பார்க்காமல் அன்றிரவே பரு மேல் கனமாக அப்பிக்கொண்டு படுத்துவிடுவார்கள். பரு நாலு நாளில் போய்விடும், அது இருந்த இடத்தில் காபிப்பொடி நிறத்தில் ஒரு வட்டம் நாலு மாதம் இருக்கும். மாநிறத்துக்கும் கறுப்புக்கும் இடையில் உள்ள நம் தோலில் எந்தப் புண்ணும் எரிச்சலும் கறையாகத்தான் முடியும். அதனால் பருவுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும்போது 'எது சீக்கிரம் காய வைக்கும்' என்பதைவிட 'எது எரிக்காமல் வேலை செய்யும்' என்று கேட்பதுதான் நமக்கு லாபம்.

பரு மேல் மட்டும் வைக்கும் மருந்து, எப்போதாவது தலைகாட்டும் ஒன்றிரண்டு பருவுக்குத்தான் சரி. ஒன்று ஆறுவதற்குள் பக்கத்தில் அடுத்தது வருகிறது, ஒரே நேரத்தில் ஏழெட்டு இருக்கிறது என்றால் புள்ளி வைத்துக்கொண்டிருப்பது வீண். கண்ணுக்குத் தெரியும் பரு, சில வாரங்களுக்கு முன்பே தோலுக்கடியில் அடைத்துக்கொண்ட துவாரத்தின் கடைசிக் கட்டம். அடுத்தடுத்து வரப்போகிறவை இப்போதே உள்ளே தயாராகிக்கொண்டிருக்கும். அவற்றுக்குப் பரு வரும் பகுதி முழுவதும் பூச வேண்டிய மருந்து வேறு.

எந்த வகை என்று முதலில் பாருங்கள்

பகல் வெளிச்சத்தில், ஜன்னல் ஓரம் கண்ணாடி வைத்துப் பாருங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் சிவப்பு சரியாகத் தெரியாது.

மூக்கிலும் தாடையிலும் வலியில்லாத கரும்புள்ளி, தோல் நிறத்திலேயே சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளி என்றால் சாலிசிலிக் ஆசிட் 2%. இது எண்ணெயில் கரையும் அமிலம் என்பதால் எண்ணெய் அடைத்த துவாரத்துக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும். கரும்புள்ளி அழுக்கு அல்ல. துவாரத்து வாயில் உள்ள அடைப்பு காற்றுப் பட்டுக் கறுத்தது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாலும் போகாததற்குக் காரணம் அதுதான்.

சிவந்து, தொட்டால் வலிக்கிறது, நடுவில் சீழ் முனை கட்டுகிறது என்றால் பென்சாயில் பெராக்சைடு. கடையில் 2.5%, 5%, 10% என்று கிடைக்கும். 2.5% வாங்குங்கள். சிவந்த பருவை அடக்குவதில் 10%-க்கு அது பெரிதாகக் குறைந்ததில்லை என்பது பல காலமாகத் தெரிந்த விஷயம். எரிச்சலும் உரிவதும்தான் 10%-ல் அதிகம். பரு பாக்டீரியா இந்த மருந்துக்குப் பழகிப்போவதில்லை என்பது இதன் பெரிய பலம்.

கிளிண்டாமைசின் ஜெல் அப்படியில்லை. அது ஆன்டிபயாடிக். தனியாக மாதக்கணக்கில் பூசினால் பாக்டீரியா பழகிக்கொள்ளும், பிறகு கேட்காது. டாக்டர் எழுதினாலும் பெரும்பாலும் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துத்தான் எழுதுவார்.

சீழ் முனை வெளுத்து உடையும் நிலையில் இருந்தாலோ உடைந்துவிட்டாலோ, பரு மேல் ஒட்டும் ஹைட்ரோகொலாய்ட் ஸ்டிக்கர் நல்லது. அது கசிவை உறிஞ்சும், அதைவிட முக்கியமாக உங்கள் விரல் நகத்தைத் தூரத்தில் வைக்கும். ஆழத்தில் கோலிக்குண்டு மாதிரி கெட்டியாக, முனையே இல்லாமல் வலிக்கும் கட்டிக்கு எந்த ஜெல்லும் போய்ச் சேராது. துணியில் சுற்றிய ஐஸை ஒரு நிமிஷம் வைத்து எடுத்து, விட்டு விட்டு நாலைந்து முறை ஒத்தினால் வீக்கமும் வலியும் கொஞ்சம் குறையும். அவ்வளவுதான். கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கையில் இப்படி ஒன்று வந்தால் தோல் டாக்டரிடம் போங்கள். கட்டிக்குள் மிகக் குறைந்த அளவு ஸ்டீராய்டு ஊசி போட்டால் இரண்டு மூன்று நாளில் அமுங்கும்.

இன்னொரு வகை, நம் ஊரில் அடிக்கடி ஏமாற்றுவது. நெற்றி, மார்பு, முதுகில் எல்லாம் ஒரே அளவில் சின்னச் சின்னதாய், வலியைவிட அரிப்பு அதிகமாய் வரும். வியர்த்தால் கூடும். இது பூஞ்சையால் மயிர்க்கால்களில் வருவது, பரு அல்ல. பரு மருந்துக்கு அசையாது, ஆன்டிபயாடிக் போட்டால் இன்னும் பெருகும். கத்திரி வெயில் நாளில் வேர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொண்டே இருப்பவர்களில் சிலருக்கு இருப்பது இதுதான். இதற்குப் பூஞ்சை மருந்து வேண்டும்.

டியூபைத் திருப்பிப் படியுங்கள்

முன்பக்கத்துப் பெயரை விடுங்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் 'காம்போசிஷன்' என்று இருக்கும் இடத்தைப் படியுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன், புளூவோசினோலோன் இதில் எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மொமெட்டசோனோடு ஹைட்ரோகுவினோனும் டிரெட்டினாயினும் கலந்த மூன்று மருந்து கிரீம் ஒன்று உண்டு. மங்குக்கு டாக்டர் மேற்பார்வையில் சில வாரம் மட்டும் பூச வேண்டிய அதை, 'முகம் பளிச்சுன்னு ஆகும்' என்று பருவுக்கும் கை மாற்றி விடுகிறார்கள்.

முதல் வாரம் அற்புதமாக இருக்கும். சிவப்பு அடங்கும், பரு அமுங்கும். ஆபத்தே அங்கேதான். இரண்டு மூன்று மாதம் போனால் தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயிலில் எரிந்து, முன்பைவிட மோசமாகப் பரு கொப்பளிக்கும். நிறுத்தினால் இன்னும் கூடும், அந்தப் பயத்தில் மறுபடி பூசுவார்கள். தோலில் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை 2018-ல் மத்திய அரசு டாக்டர் சீட்டு வேண்டிய ஷெட்யூல் எச் வரம்புக்குள் கொண்டுவந்தது இந்தத் தொல்லை நாடு முழுக்கப் பெருகியதால்தான். ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் தாங்களாகச் சட்டென்று நிறுத்தாமல் டாக்டரிடம் காட்டி நிறுத்துவது நல்லது.

சமையலறை மருந்துகளைப் பற்றி ஒரு வரி: டூத்பேஸ்ட், எலுமிச்சைச் சாறு, பூண்டு மூன்றும் தோலைச் சுடும். எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் நம் வெயில் பட்டால் கொப்புளம் வந்து கறுத்துப்போகும்.

பூசும் முறை

புது மருந்து எதுவானாலும் முதல் மூன்று இரவு காதுக்குக் கீழே, தாடை ஓரத்தில் ஒரு பொட்டு அளவு பூசிப் பாருங்கள். லேசாகச் சுறுசுறுவென்று எரியலாம். அரிப்பெடுத்துத் தடித்து வீங்கினால் அது அலர்ஜி. அந்த மருந்து உங்களுக்கு இனி எப்போதும் வேண்டாம்.

இரவில் முகத்தை மிருதுவான பேஸ்வாஷால் ஒரு தடவை கழுவுங்கள். இங்கே தண்ணீர் விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். நம் பக்கத்து போர் தண்ணீர் பல வீடுகளில் கடினத் தண்ணீர்: பக்கெட்டில் வெள்ளைப் படலம், குழாய் வாயில் உப்புக் கட்டி. சாதாரண சோப்பு இந்தத் தண்ணீரிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து கரையாத பிசுக்காக மாறித் தோலிலேயே தங்கும். 'சோப்புப் போட்டும் முகத்துல பிசுபிசுப்பு போகல' என்று மறுபடி தேய்ப்பார்கள், தோல் வறண்டு வெடிக்கும், அதன் மேல் மருந்து பட்டால் தீ மாதிரி எரியும். சோப்பு சேராத பேஸ்வாஷுக்கு இந்தப் பிசுக்கு வராது. கடைசி இரண்டு கை தண்ணீரை மட்டும் கேன் தண்ணீராக அலசினாலும் வித்தியாசம் தெரியும்.

துண்டால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். பிறகு பத்துப் பதினைந்து நிமிஷம் சும்மா விடுங்கள். ஈரத் தோலில் மருந்து வேகமாக இறங்கிக் கூடுதலாக எரிக்கும். மூக்கு மடிப்பிலும் உதட்டு ஓரத்திலும் மருந்து வழிந்து தேங்கினால் புண்ணாகும். அங்கே துளி வாசலின் தடவிக்கொள்ளுங்கள்.

இப்போது மருந்து. ஒரு பருவுக்கு ஒரு கடுகளவு. விரல் நுனியில் எடுத்துப் பருவின் மேல் வைத்து, விளிம்பைத் தாண்டி இரண்டு மூன்று மில்லிமீட்டர் வரை மெல்லிய படலமாகப் பரப்புங்கள். பூசிய பிறகு வெள்ளையாகத் தெரிந்தால் அளவு அதிகம் என்று அர்த்தம். கனமாக அப்புவதால் பரு வேகமாக ஆறுவதில்லை, சுற்றியுள்ள நல்ல தோல்தான் வேகும். அது காய்ந்ததும் முகம் முழுக்க ஜெல் வகை மாய்ஸ்ச்சரைசர் பூசுங்கள். எண்ணெய் வழியும் முகத்துக்கு எதற்கு மாய்ஸ்ச்சரைசர் என்று கேட்பவர்கள்தான் இரண்டாம் வாரம் தோல் உரிந்து வருவார்கள்.

முதல் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தாங்கினால் தினமும் ஒரு வேளை. பரு தட்டையானதும் நிறுத்திவிடுங்கள்.

சென்சிடிவ் தோலுக்கு ஒரு சுருக்கு வழி உண்டு: பென்சாயில் பெராக்சைடைப் பூசி ஐந்து நிமிஷம் கழித்துக் கழுவிவிடுவது. மருந்து அந்த நேரத்துக்குள் ஓரளவு உள்ளே போய்விடும், எரிச்சல் குறையும். வியர்த்துக் கொட்டும் மே மாதத்து ஹாஸ்டல் அறைகளுக்கு இதுதான் தோது. இன்னொரு காரணமும் உண்டு. இந்த மருந்து துணியின் சாயத்தை வெளுத்துவிடும். கறுப்புத் தலையணை உறை ஒரே இரவில் ஆரஞ்சுத் திட்டாகும், மாப்பிள்ளை சட்டையின் காலரும் அப்படியே. வெள்ளைத் துண்டு, வெள்ளை உறை. பூசியதும் கையைக் கழுவுங்கள், புருவத்தில் படாமல் பாருங்கள்.

ஸ்டிக்கர் ஒட்டுவதானால் அடியில் எந்தக் கிரீமும் இருக்கக் கூடாது, பிடிக்காது. காய்ந்த தோலில் இரவில், ஃபேன் காற்றில் ஒட்டுங்கள். பகல் வியர்வையில் உரிந்துவிடும். ஆறேழு மணி நேரத்தில் நடுவில் வெள்ளையாகப் பொங்கியிருந்தால் கசிவை உறிஞ்சியிருக்கிறது. நனைத்து மெதுவாக எடுங்கள்.

காலையில் கழுவிவிட்டு எஸ்.பி.எஃப் 30 சன்ஸ்கிரீன். ஊருக்கே வெயிலூர் என்று பெயர் வைத்திருக்கிறோம், இதைத் தவிர்த்தால் கறை கறுத்துக்கொண்டே போகும்.

டியூபை பைக் பெட்டியிலோ ஜன்னல் திட்டிலோ வைக்காதீர்கள். பென்சாயில் பெராக்சைடு சூட்டில் சிதையும். வீட்டின் குளிர்ந்த மூலை, இல்லையென்றால் ஃபிரிட்ஜ் கதவு.

எங்கே தப்பாகிறது

ஒரே இரவில் சாலிசிலிக், பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன் மூன்றையும் பூசுவதுதான் அடிக்கடி நடப்பது. ஒன்றை எடுத்தால் மற்றதை விடுங்கள். தோல் எரிந்துவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்தி, நாலைந்து நாள் மிருதுவாகக் கழுவி மாய்ஸ்ச்சரைசரும் வாசலினும் மட்டும்.

அடாபலீன் 0.1% ஜெல்லைப் பருவின் மேல் புள்ளி வைப்பது இன்னொரு தப்பு. அது அடைப்பே வராமல் தடுக்கும் மருந்து. பட்டாணி அளவு எடுத்து, பரு வரும் பகுதி முழுக்க இரவில் மெல்லிசாகப் பூச வேண்டும். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும், முதல் சில வாரம் பரு கூடினாலும் கூடும். கர்ப்பிணிகளும் குழந்தைக்கு முயற்சி செய்கிறவர்களும் தொடக் கூடாது. அவர்களுக்கு அசெலாயிக் ஆசிட் ஏற்றது. கறையையும் மங்க வைக்கும் என்பதால் நம் நிறத்துக்கும் பொருந்தும்.

மருந்து சரியாக இருந்தும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா? இடத்தைப் பாருங்கள். நெற்றி ஓரம் என்றால் தலைக்கு வைக்கும் எண்ணெய் வழிகிறது. தாடையின் இரு பக்கமும் என்றால் ஹெல்மெட் வாரும் அதன் ஊறிப்போன உள்பஞ்சும். ஆம்பூர், ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனியில் நாள் முழுக்க மாஸ்க் போட்டு உட்காருகிறவர்களுக்கு மாஸ்க் கோட்டிலேயே வரும். இடைவேளையில் முகத்தை வெறும் தண்ணீரில் கழுவி, மாஸ்க்கை மாற்றுவது எந்த ஜெல்லையும்விடப் பலன் தரும். பெண்களுக்குத் தாடையில் மட்டும் ஆழமாய் வருகிறது, மாதவிடாயும் தள்ளிப்போகிறது, முகத்தில் முடியும் கூடுகிறது என்றால் ஹார்மோன் சோதனை தேவை.

கட்டி கட்டியாய் வந்தாலோ, குழி விழத் தொடங்கினாலோ, எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஒழுங்காகப் பூசியும் மாறாவிட்டாலோ தோல் டாக்டரிடம் போங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் சி.எம்.சி.யிலும் தோல் பிரிவு உண்டு. காட்பாடியைத் தாண்டி கரிகிரி மருத்துவமனை 1955-ல் தொழுநோய்க்காகத் தொடங்கியது என்பதால் அங்கே போகச் சிலர் தயங்குவார்கள். எல்லாத் தோல் தொந்தரவுக்கும் பார்க்கிற இடம் அது. போகும்போது இதுவரை பூசிய டியூப் எல்லாவற்றையும், காலியானதையும்கூட, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். சாப்பிடும் மாத்திரைகளின் அட்டையையும் காட்டுங்கள். காசநோய்க்கான ஐசோனியாசிட், ஸ்டீராய்டு மாத்திரை, பி12 ஊசி இவற்றாலும் பரு வரும். ஜிம்மில் குடிக்கும் வே புரோட்டீன் பவுடரையும் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.