வளரும் குடும்பத்துக்கு ஒரு கேம்பர் வேன்: உட்காரவும் உறங்கவும் இடம் பிரிப்பது எப்படி?

பயணத்தில் உள்ளேயே தங்கிப் படுத்துறங்க, நாங்கள் இருவராக இருந்தபோது எடுத்த வேன் இது. இப்போது ஐந்து பேர்: நான், கணவர், எட்டு வயது மகள், ஐந்து வயது மகன், பத்து மாதக் கைக்குழந்தை. வேனை மாற்றவில்லை. உள்ளே இருந்ததைத்தான் மூன்று முறை பிரித்துப் போட்டு மறுபடி அமைத்தோம். முதல் முறை படுக்கையில் ஆரம்பித்தோம், அதுதான் தவறு. படுக்கையை மடக்கலாம், விரிக்கலாம், மேலே தூக்கி மாட்டலாம், எப்படியாவது இடம் பிடித்துவிடலாம். இருக்கை அப்படியல்ல. புதிதாகத் தொடங்குகிறவர்கள் கீழே உள்ள வரிசையிலேயே போனால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டியிருக்காது.

படி 1: முதலில் சீட் பெல்ட்டை எண்ணுங்கள்

'நான்கு பேர் படுக்கலாம்' என்று சொல்லி விற்கும் வேனில் நான்கு பேர் பயணம் செய்யலாம் என்று அர்த்தமில்லை. ஓடும் வண்டியில் ஒவ்வொருவருக்கும் ஒரு முழு இருக்கை, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் ஒரு பெல்ட் வேண்டும். வண்டியின் பதிவுச் சான்றிதழில் எத்தனை இருக்கைகள் என்று போட்டிருக்கிறதோ அதுவே கணக்கு. வண்டி ஓடும்போது யாரும் கட்டிலில் படுத்து வரக் கூடாது, அரை மணி நேரப் பயணமானாலும் சரி.

பக்கவாட்டில் பார்த்தபடி இருக்கும் சோபாவில் பிள்ளைகளின் கார் சீட்டை (வண்டி இருக்கையின் மேல் மாட்டும், பிள்ளைகளுக்கான தனி இருக்கை) பொருத்தக் கூடாது. பலகையில் பெட்டி செய்து அதன் மேல் பெல்ட்டைத் திருகி 'இருக்கை' ஆக்குவதும் வேண்டவே வேண்டாம். மோதலின்போது அந்தத் திருகுகள் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். சோதனை செய்யப்பட்ட பெஞ்சு இருக்கையை வாங்கி, வண்டியின் அடிச்சட்டத்தோடு சேர்த்து, அந்த வேலை தெரிந்தவர்களிடம் பொருத்திக்கொள்ளுங்கள். நாங்கள் அதிகம் செலவழித்தது இதற்குத்தான். அதில் துளியும் வருத்தமில்லை.

மூன்று கார் சீட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் அமருமா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், டேப் வைத்து அளந்துவிடுங்கள். ஒவ்வொன்றும் 44 செ.மீ. அகலம் என்றால் மூன்றுக்கு 132 செ.மீ. வேண்டும். அப்புறம் பெல்ட் கொக்கியை மாட்டக் கை நுழையவும் இடம் வேண்டும். இன்னொன்று, சில கார் சீட்டுகளுக்கு முன்பக்கம் தரையில் ஊன்றும் கால் உண்டு. அந்த இடத்தில் தரைக்கடியில் சாமான் பெட்டி இருந்தால் மூடி அழுத்தம் தாங்காது. வண்டி, சீட் இரண்டின் கையேட்டையும் பார்த்துவிட்டு வாங்குங்கள். ஏர்பேக் வேலை செய்யும் முன் இருக்கையில், பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை சீட்டை ஒருபோதும் வைக்காதீர்கள்.

படி 2: எடை

அனுமதிக்கப்பட்ட மொத்த எடையிலிருந்து வண்டியின் காலி எடையைக் கழியுங்கள். 3,000 கிலோவில் 2,450 போனால் மீதி 550. அதற்குள் எல்லோரும், எல்லாமும் அடங்க வேண்டும். எங்கள் ஐந்து பேருக்கே 180 கிலோவைத் தாண்டுகிறது. 60 லிட்டர் தண்ணீர் என்றால் அது 60 கிலோ. அலமாரி, பேட்டரி, மெத்தை, சைக்கிள் என்று கூட்டிக்கொண்டே போனால் மீதி வேகமாகக் கரையும். எல்லாவற்றையும் ஏற்றி, தண்ணீரையும் நிரப்பி, ஒருமுறை எடை மேடையில் நிறுத்திப் பாருங்கள். முன் அச்சு, பின் அச்சு இரண்டையும் தனித்தனியாகவும் எடை போடுங்கள். மொத்தம் சரியாக இருந்தும் பின் அச்சில் மட்டும் பாரம் கூடிப்போவது உண்டு.

படி 3: வேனை வீட்டுத் தரையில் வரையுங்கள்

ஒரு பலகையை அறுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது. வேனின் உள் அளவை எடுத்து, கூடத்தில் காகித டேப்பால் அதே அளவில் ஒரு நீள்சதுரம் ஒட்டுங்கள். கதவு எங்கே, சக்கர மேடு எங்கே, பெஞ்சு எங்கே என்று அதற்குள் குறியுங்கள். பிறகு ராத்திரி உடையில் எல்லோரும் அந்தக் கட்டத்துக்குள் படுத்துப் பாருங்கள். கோட்டைத் தாண்டிப் போகும் கை, கால் எல்லாம் சுவரில் இடிக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் படுத்தபோது தெரிந்தது இது. என் மகன் தூக்கத்தில் கடிகார முள் மாதிரி சுற்றுவான். படுத்த அரை மணியில் அவன் கால் அக்காவின் முகத்தில். அந்த ஒரு இரவு இல்லாவிட்டால் இருவரையும் ஒரே மெத்தையில் போட்டிருப்போம். அடுத்து, நடு ராத்திரி ஒருவர் எழுந்து வெளியே போக வேண்டும் என்று வைத்துக்கொண்டு எழுந்து பாருங்கள். யாரையும் மிதிக்காமல் கதவுக்குப் போக முடிகிறதா? விளக்கு சுவிட்ச் கைக்கு எட்டுகிறதா? செருப்பு எங்கே? அடிக்கடி எழுபவர் யாரோ அவருக்குக் கதவுப் பக்கம்.

படி 4: யார் எங்கே படுப்பது

எங்கள் இப்போதைய ஏற்பாட்டைச் சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளின் வயதுக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம்.

பின் பெஞ்சை விரித்தால் வரும் கீழ்ப் படுக்கை 120 செ.மீ. அகலம். அதில் பாதி எனக்கு, மறு பாதியில் குழந்தையின் பயணத் தொட்டில். ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தை பெரியவர்களின் மெத்தையில் ஒட்டிப் படுக்க வேண்டாம். தட்டையான, கெட்டியான தனிப் படுக்கை, மல்லாந்த நிலை, தலையணையோ பொம்மையோ கிடையாது. வேனில் இடம் குறைவு என்பதற்காக இதில் மட்டும் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள். கார் சீட்டில் தூங்கிவிட்டால், வண்டி நின்றதும் தூக்கித் தொட்டிலில் கிடத்துங்கள்.

மேலெழும் கூரைக்குள் இருக்கும் படுக்கையில் கணவரும் மகளும். அந்தப் பலகை எத்தனை கிலோ தாங்கும் என்று செய்தவரிடம் கேட்டு, இருவர் எடையும் அதற்குள் வருகிறதா என்று பார்த்துக்கொண்டோம். ஆறு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளை உயரமான படுக்கையில் போடக் கூடாது, அதனால் மகனுக்கு அங்கே இடமில்லை. மேல் படுக்கையின் தடுப்பு மெத்தைக்கு மேல் குறைந்தது 13 செ.மீ. எழும்பி நிற்க வேண்டும். தடிமனான மெத்தையை மாற்றிப் போட்டால் தடுப்பு தாழ்ந்துவிடும், இதைப் பலர் கவனிப்பதில்லை. தடுப்புக் கம்பிகளுக்கிடையே உள்ள சந்து 9 செ.மீ.க்குக் குறைவாக இருக்கட்டும். இல்லாவிட்டால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும்.

மகனுக்கு முன் இருக்கைகளின் குறுக்கே ஒரு துணிக்கட்டில். இது புது யோசனை இல்லை. ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியா நிறுவனம் 1951-இலேயே ஃபோக்ஸ்வாகன் வேனுக்கான முகாம் சாமான்களைச் செய்தது. பின்னாளில் வந்த அதன் வேன்களில் முன் சீட்டுகளுக்கு மேல் கம்பியில் மாட்டும் துணிக்கட்டில் பிள்ளைகளுக்காகவே இருந்தது. மாட்டும் முன் சாவியை எடுத்துவிடுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். முன் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒரு தடித்த திரை அவசியம். குளிரும் விடியற்கால வெளிச்சமும் அங்கிருந்துதான் முதலில் உள்ளே வரும்.

படி 5: காற்று

ஐந்து பேர் இரவெல்லாம் மூச்சு விட்டால் கண்ணாடியில் தண்ணீர் வழியும், மெத்தையின் அடிப்பக்கம் பூஞ்சை பிடிக்கும். மெத்தைக்கு அடியில் இடைவெளி உள்ள சட்டங்களை வைத்து, கூரை விசிறியை மெதுவாக ஓடவிட்டு, எதிர்ப்பக்க ஜன்னலை விரல் நுழையும் அளவு திறந்து வையுங்கள். குளிர் என்று எல்லாவற்றையும் அடைத்துக்கொண்டு கேஸ் அடுப்பை ஏற்றிச் சூடு பிடிக்கவே கூடாது. அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அதற்கான எச்சரிக்கைக் கருவி ஒன்றை மாட்டி, கிளம்பும் முன்பெல்லாம் அதன் பொத்தானை அழுத்திச் சோதியுங்கள். சமையல் கேஸ் காற்றைவிட கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளிக்காற்றுக்குத் திறக்கும் துளை இருக்க வேண்டும்.

வெயிலில் மூடிய வண்டிக்குள் பத்தே நிமிடத்தில் 10 டிகிரி செல்சியஸ் வரை கூடிவிடும். பிள்ளைகளை உள்ளே விட்டு 'இதோ வந்துவிடுகிறேன்' என்று போக வேண்டாம்.

படி 6: சாமான்

ஆளுக்கு ஒரு பெட்டி, அவ்வளவுதான். துணி, பொம்மை எல்லாம் அதற்குள். ராத்திரி படுக்கையை விரிக்கும்போது எந்தப் பெட்டி எங்கே போகும் என்று முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். ஓடும்போது எதுவும் கட்டாமல் இருக்கக் கூடாது. 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி அரை மீட்டருக்குள் மோதி நின்றால், உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப் போல சுமார் 20 மடங்கு விசையோடு முன்னால் பாயும். மூன்று கிலோ தண்ணீர்க் கேன் 60 கிலோவாக வந்து இடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: வாசலில் ஒரு ராத்திரி

முதல் ராத்திரியை வீட்டு வாசலிலேயே கழியுங்கள். யாருக்காவது ஒத்துக்கொள்ளாவிட்டால் உள்ளே போய்ப் படுத்துக்கொள்ளலாம். படுக்கை விரிக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பாருங்கள். எங்களுக்கு முதல் முறை நாற்பது நிமிடம் ஆனது, குழந்தை பசியில் அழுதுகொண்டே இருந்தாள். இப்போது மகள் பெட்டிகளை முன்னால் தள்ளுகிறாள், மகன் திரைகளை மாட்டுகிறான், பத்து நிமிடத்தில் முடிகிறது.

அலமாரிக் கதவின் உள்பக்கம் பிள்ளைகளின் உயரத்தைப் பென்சிலால் குறித்து வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே ஒவ்வொருவரின் மெத்தை நீளத்துக்கும் ஒரு கோடு. பிள்ளையின் கோட்டுக்கும் மெத்தையின் கோட்டுக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லையென்றால் அந்தப் பருவத்துக்குள் இடம் மாற்ற வேண்டும். மகனுக்கு இன்னும் இரண்டு சாண் இருக்கிறது.