ஜேசிபி வரும் முன் பேசி முடிக்க வேண்டியவை

மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் கட்டிட சைட்டுகளில் அளவும் கணக்கும் பார்ப்பது என் வேலை. பழைய ஓட்டு வீட்டை எடுத்துவிட்டு மாடி வீடு கட்டப்போகிற பலர் வளைகுடாவில் இருந்துகொண்டே, “அண்ணே, மொத்தமா எவ்வளவு ஆகும்?” என்று போனில் கேட்பார்கள். மொத்தம் அப்புறம். எந்த வேலைக்கு என்ன பேர், அதை எதை வைத்து அளப்பார்கள் என்று முதலில் கேளுங்கள். பில் ஏறுவது அங்கேதான்.

வீட்டைப் ‘பிரிப்பது’ வேறு, ‘இடிப்பது’ வேறு. பிரிப்பதென்றால் ஓடு, அதைத் தாங்கும் பட்டியல் சட்டம், அதற்குக் கீழே சரிவாக நிற்கும் கழுக்கோல், உத்தரம், கதவு நிலை என்று மேலிருந்து ஒவ்வொன்றாக உடையாமல் இறக்குவது. ஆள்கூலி கூடும், ஆனால் அயினி, பலா மர நிலைகள் முழுசாகக் கைக்கு வரும். இடிப்பதென்றால் ஜேசிபி பக்கெட்டால் தள்ளிவிடுவது. ‘சாமான் யாருக்கு’ என்பதையும் சேர்த்தே பேசுங்கள். மரமும் கம்பியும் காண்டிராக்டருக்கு என்றால் கூலி குறைய வேண்டும். அதைப் பேசாமல் விட்டால் கூலியும் போகும், நிலையும் போகும்.

கான்கிரீட் வீடானால் ‘முட்டு’, அதாவது கீழிருந்து கொடுக்கும் தாங்குகால், என்ற சொல் காண்டிராக்டர் வாயிலிருந்து வருகிறதா என்று பாருங்கள். சுவருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடையும் பால்கனியையும் உள்ளே இருக்கும் பாரம்தான் பிடித்துவைத்திருக்கிறது. அந்தப் பாரத்தை முதலில் எடுத்தால் நீட்டல் அப்படியே கவிழும். கீழே முட்டு கொடுத்து நீட்டலை முதலில் உடைப்பதுதான் முறை.

இனி மெஷின். சக்கரம் வைத்த ஜேசிபி ரோட்டில் தானே ஓடி வரும். செயின் வைத்த ஹிட்டாச்சி டிரெய்லரில்தான் வரும். அந்த வாடகை தனி. பாறை உடைக்கிற பிரேக்கர் மாட்டினால் மணி ரேட்டும் மாறும். மணிக்கணக்கை வாட்சில் பார்க்காதீர்கள், மெஷினில் இருக்கும் மீட்டரை ஆரம்பத்திலும் முடிவிலும் போட்டோ எடுங்கள். 2316.4-இல் தொடங்கி 2319.8-இல் நின்றால் 3.4 மணி. இதை 3 மணி 40 நிமிடம் என்று எழுதிக்கொண்டு வருவார்கள். புள்ளிக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு எண்ணுக்கும் 6 நிமிடம்தான், ஆக 3 மணி 24 நிமிடம். டிப்பர் வரவில்லை என்று இன்ஜினை அணைக்காமல் நின்றாலும் மீட்டர் ஓடும். அந்த நேரம் யார் தலையில் என்பதையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

மண்ணுக்கு ‘யூனிட்’ என்றால் 100 கன அடி. ‘லோடு’ என்று ஒரு நிலையான அளவே கிடையாது, அது டிப்பர் பெட்டியைப் பொறுத்தது. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தை அடியில் பெருக்கி நூறால் வகுத்துவிடுங்கள். ‘வானம்’ என்பது அஸ்திவாரத்துக்குத் தோண்டும் குழி. 25 அடி நீளம், 3 அடி அகலம், 4 அடி ஆழம் என்றால் 3 யூனிட். அதே மண் வெட்டினதும் பொலபொலவென்று ஊதி, வண்டியில் ஏறும்போது கிட்டத்தட்ட 4 யூனிட் ஆகிவிடும். இதில் ஏமாற்று இல்லை, மண்ணின் குணம் அது. குழியை அளந்து காசா, வண்டியை அளந்து காசா என்பதுதான் கேள்வி.

விளவங்கோடு பக்கம் மேலே செம்மண் இருக்கும், கொஞ்சம் இறங்கினால் வெட்டுக்கல் தட்டலாம். ‘சாதா மண்’, ‘கட்டி மண்’, ‘பாறை’ மூன்றுக்கும் தனித்தனி ரேட்டை எழுதி வாங்குங்கள். ஐந்தடிக்கு மேல் ஆழம் போனால் பக்கத்தைச் சரிவாக வெட்ட வேண்டும், இல்லையென்றால் பலகை அடைத்துத் தாங்கல் கொடுக்க வேண்டும். தோண்டிய மண்ணைக் குழியின் விளிம்பிலேயே குவிக்க விடாதீர்கள். பக்கத்து விளையின் (தோட்டத்தின்) கய்யாலை, அதாவது எல்லைச் சுவர், அருகில் இருந்தால் மழைக்காலத்தில் வானம் தோண்டவே வேண்டாம். நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை.

கடைசியாக ‘ரப்பிஷ்’, அதாவது இடித்த குப்பை. “பேஸ்மென்டுக்குள்ளேயே போட்டு நிரப்பிரலாம்” என்று ஆசை காட்டுவார்கள். மரத்துண்டும் வேரும் அதில் கிடந்து மக்கினால் பின்னால் தரை இறங்கும். நல்ல மண்ணை முக்கால் அடி கனத்துக்குப் போட்டு, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கி, அதன் மேல் அடுத்த அடுக்கு. ரப்பிஷை எங்கே கொண்டுபோய்த் தட்டுகிறார்கள் என்றும் கேளுங்கள். குளத்தங்கரையில் தட்டினால் வண்டியை மறிப்பவர்கள் உங்கள் பேரைத்தான் கேட்பார்கள்.