பாஸ்தா கஞ்சியைக் கொட்டாதீர்கள்: வீட்டுப் பாஸ்தாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை ராத்திரி மாடி வீட்டுப் பெண் ஒரு பாத்திரத்தோடு வந்து கதவைத் தட்டினாள். மூடியைத் திறந்தால் பென்னே பாஸ்தா. ஒவ்வொரு குழலும் வெளுத்து, வழவழவென்று தனித்தனியாகக் கிடந்தது. தக்காளிச் சாஸ் பாத்திரத்தின் அடியில் குளம் கட்டி நின்றது. “அக்கா, சாஸ் ஒட்டவே மாட்டேங்குது. நல்லா வேக வெச்சு, பச்சைத் தண்ணியில ரெண்டு வாட்டி அலசித்தான் போட்டேன்” என்றாள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் இதே பழைய வண்ணாரப்பேட்டையில் நானும் அப்படித்தான் அலசினேன். என் அடுப்படிக்குக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் இந்த வருடம் மட்டும் நான்கு பேர் அதையே செய்தார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். உப்பு போட மறப்பது, அடிபிடிக்க விடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை ஒரு தடவை நடந்தால் அடுத்த தடவை கை தானாகத் திருந்திக்கொள்ளும்.

அலசுவதும் கஞ்சியைக் கொட்டுவதும்

இதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் பற்றிக்கொண்டு வருகிறது.

என் கதையைச் சொல்கிறேன். திருவொற்றியூரிலிருந்து நாத்தனார் குடும்பம் வந்திருந்தது. எங்களோடு சேர்த்து ஒன்பது பேர். மாதக் கடைசி. ஒரு கிலோ பாஸ்தா, ஒன்றரைக் கிலோ தக்காளி, ஒரு கட்டி வெண்ணெய், ஒரு பாக்கெட் சீஸ் என்று யோசித்து யோசித்து வாங்கியிருந்தேன். வெந்த பாஸ்தாவைக் குழாயடியில் பிடித்து அலசி, ஒட்டாமல் இருக்கட்டும் என்று இரண்டு கரண்டி எண்ணெய் விட்டுப் பிசறி வைத்தேன். சாஸை மட்டும் தொட்டு நக்கினால் நல்ல ருசி. கலந்து தட்டில் வைத்ததும் பாஸ்தா ஒரு பக்கம், சாஸ் ஒரு பக்கம். பெரியவர்கள் மரியாதைக்காகச் சாப்பிட்டார்கள். குழந்தைகள் சீஸை மட்டும் பொறுக்கித் தின்றார்கள். மாமனார் மோர்சாதம் இருக்கிறதா என்று கேட்டார். ராத்திரி பத்து மணிக்கு மறுபடியும் உலை வைத்தேன்.

இந்தப் பழக்கம் நமக்கு எப்படி வந்தது என்று யோசித்திருக்கிறேன். வடசென்னைக்காரர்களுக்கு அத்தோ தெரியாமல் இருக்காது. பர்மாவிலிருந்து 1960-களில் திரும்பி வந்த தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. பாரிமுனைப் பக்கம் அத்தோ கடைக்காரர் வெந்த நூடுல்ஸைக் கையால் அள்ளி, முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுப் பிசறித் தருவார். அங்கே இழை இழையாகப் பிரிந்து நின்றால்தான் அழகு. ஃப்ரைடு ரைஸுக்கும் அப்படித்தான், சோற்றை உதிர்த்து ஆறவிடுகிறோம். அதே கைப்பழக்கம் பாஸ்தாவுக்கும் வந்துவிடுகிறது. ஆனால் பாஸ்தாவுக்குப் பிசுபிசுப்பு வேண்டும்.

துரம் கோதுமை ரவையில் செய்த பாஸ்தா வேகும்போது அதிலுள்ள மாவுச்சத்தில் கொஞ்சம் தண்ணீரில் இறங்குகிறது, கொஞ்சம் மேல்பரப்பிலேயே பசையாக நிற்கிறது. சாஸ் பிடிப்பது அந்தப் பசையில்தான். அலசினால் அது போய்விடும். எண்ணெய் பூசினால் இருக்கிற கொஞ்சமும் வழுக்கும். தண்ணீரில் இறங்கிய பங்குக்கு இன்னொரு வேலை உண்டு. சாஸில் இருக்கிற எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் ஒன்றாகக் குழைந்து நிற்க அது உதவுகிறது.

கஞ்சியின் அருமையை இந்த வண்ணாரப்பேட்டைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் துணி வெளுப்பவர்கள் குடியிருந்ததால் வந்த பெயர் அது. என் பாட்டி வடித்த கஞ்சியில் பாதியை உப்பு போட்டுக் குடிக்கக் கொடுப்பார், மீதியைப் பருத்திச் சேலைக்கு எடுத்து வைப்பார். சேலைக்கு மொடமொடப்பைத் தருகிற அதே மாவுச்சத்துதான் பாஸ்தா வெந்த தண்ணீரிலும் இருக்கிறது. அதைச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, சாஸ் ஒட்டவில்லை என்று இன்னும் ஒரு பாக்கெட் சீஸைத் துருவிப் போடுகிறோம்.

சரி, செய்வது எப்படி? ஐந்து பேருக்கு 400 கிராம் பாஸ்தா போதும். 100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு என்பது இத்தாலியர்கள் சொல்லும் கணக்கு. லாரித் தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்திருக்கும் வீட்டில் 4 லிட்டரைக் கொதிக்க வைக்க மனசு வராது. தேவையும் இல்லை. சமையலின் அறிவியலை எழுதும் அமெரிக்கரான ஹெரால்ட் மெக்கீ, இதைவிட மிகக் குறைந்த தண்ணீரிலேயே பாஸ்தா நன்றாக வேகும் என்று 2009-ல் செய்து பார்த்து எழுதினார். நான் 400 கிராமுக்கு இரண்டரை லிட்டர் வைக்கிறேன். முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளறினால் ஒட்டாது. தண்ணீர் குறையக் குறையக் கஞ்சி கெட்டியாக வரும், அது நமக்கு நல்லதுதான். உப்பை மட்டும் 15 கிராமோடு நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் அந்தக் கஞ்சி சாஸிலும் சேரப்போகிறது. எங்கள் தெருவைப் போல போர் தண்ணீர் கரிக்கிற இடமாக இருந்தால் இதற்குக் கேன் தண்ணீரையே எடுங்கள்.

பாக்கெட்டில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் ஒன்பதாவது நிமிடத்தில் ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள். நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். உடனே இரண்டு டம்ளர் கஞ்சியைத் தனியாக எடுத்து வையுங்கள். பாஸ்தாவை ஜல்லிக்கரண்டியால் அரித்து, சொட்டச் சொட்ட நேராகச் சாஸ் வாணலியில் போடுங்கள். அடுப்பைக் கூட்டி, அரை டம்ளர் கஞ்சி ஊற்றிப் பிரட்டுங்கள். முதலில் நீர்க்கத்தான் தெரியும், பயப்பட வேண்டாம். இரண்டு நிமிடத்தில் சளசளப்பு அடங்கிக் கனமான குமிழிகள் வரும். ஓரத்தில் மிதந்த எண்ணெய் உள்ளே போய்விடும். கரண்டியை இழுத்தால் வாணலியின் அடி ஒரு நொடி தெரிந்து மெதுவாக மூடிக்கொள்ளும். அதுதான் பதம்.

அன்றைக்கு மாடி வீட்டுப் பெண்ணை வீட்டில் மிச்சமிருந்த அரைப் பாக்கெட்டை எடுத்து வரச் சொல்லி, என் அடுப்பிலேயே செய்ய வைத்தேன். வாணலியை எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, எண்ணெய் எங்க போச்சு?” என்று கேட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

தக்காளியைத் தொக்காக்குவது

எண்ணெய் பிரிந்து வரும்வரை வதக்கினால்தான் நமக்கு வெந்த திருப்தி. தொக்குக்கு அது சரி. பாஸ்தாவுக்குத் தக்காளி அவ்வளவு கறுக்கக் கூடாது. பெங்களூர்த் தக்காளி சதைப்பற்றானது, புளிப்பு குறைவு. நாட்டுத் தக்காளியில் புளிப்பும் சாறும் அதிகம். நான் அரைக் கிலோ பெங்களூர்த் தக்காளிக்கு கால் கிலோ நாட்டுத் தக்காளி சேர்க்கிறேன். நடுத்தரத் தீயில் இருபது நிமிடம், பச்சை வாசனை போய்ச் சிவப்பு மட்டும் அடர்ந்தால் போதும். பழக்கத்தில் எண்ணெய் பிரியவிட்டுவிட்டால் குடி முழுகிவிடாது, எடுத்து வைத்த கஞ்சி அதைச் சேர்த்துவிடும். கரம் மசாலா வேண்டாம்.

இஞ்சி பூண்டு விழுது

பூண்டு மட்டும். நறுக்கிப் போடுங்கள். பொன்னிறம் தாண்டினால் கசக்கும்.

கொதிக்கும் தண்ணீரில் எண்ணெய்

வேண்டாம். மேலே மிதக்கும், எடுக்கும்போது பாஸ்தாவில் படியும்.

மலிவு பாக்கெட்

துரம் கோதுமை ரவை என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மைதா கலந்தது நடுவில் வேகும் முன்பே மேலே கரைய ஆரம்பித்துவிடும்.

இறாலை முதலில் போடுவது

காசிமேட்டுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இறால் போடாமல் இருக்க முடியாது. எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைப் பாஸ்தா என்றால் இறால்தான். ஆனால் தக்காளியோடு சேர்த்து இருபது நிமிடம் கொதிக்க விட்டால், அவ்வளவு விடியலில் போய் வாங்கி வந்த இறால் ரப்பராகிவிடும். சுத்தம் செய்து, ஈரம் போகத் துணியில் ஒற்றி, சூடான வாணலியில் பக்கத்துக்கு ஒரு நிமிடம் பிரட்டித் தனியாக எடுத்து வையுங்கள். பாஸ்தாவும் சாஸும் சேர்ந்தபிறகு கடைசி ஒரு நிமிடத்தில் போட்டால் போதும். பாதி வட்டமாக வளைந்திருந்தால் வெந்துவிட்டது. முழு வட்டமாகச் சுருண்டுவிட்டால் நேரம் தாண்டிவிட்டது.

ஒயிட் சாஸில் பச்சை மாவு

குழந்தைகளுக்குப் பிடித்தது இதுதான், அவசரத்தில் கெடுவதும் இதுதான். அரை லிட்டர் பாலுக்கு இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய், இரண்டு மேசைக்கரண்டி மைதா. சிறுதீயில் இரண்டு நிமிடமாவது வறுத்து, ரவை வறுபடும்போது வருகிற மாதிரி வாசனை வந்தபிறகுதான் பால். காய்ச்சி ஆறிய பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கலக்கினால் கட்டி விழாது. அடுப்பை அணைத்தபிறகு சீஸ் போடுங்கள். கொதிக்கும்போது போட்டால் சில சீஸ் திரிதிரியாகப் போய்விடும்.

எல்லாரும் வருவதற்கு முன்பே கலந்து வைப்பது

என் வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட் வேலை. சில நாள் ஒன்பது மணிக்கு வருவார், சில நாள் பத்தரை. குழந்தைகளுக்கு எட்டு மணிக்கே பசிக்கும். முன்பெல்லாம் ஒரே வாணலியில் மொத்தமாகக் கலந்து மூடி வைப்பேன். அவர் வரும்போது பாஸ்தா சாஸையெல்லாம் குடித்து ஊதி, கரண்டி போட்டால் கட்டியாகக் கிளம்பும்.

இப்போது சாஸை மாலையிலேயே செய்து வைத்துவிடுகிறேன், அது காத்திருக்கும். பாஸ்தாவைக் குழந்தைகள் தட்டை எடுக்கும்போதுதான் வேக வைப்பது. அவர் பங்குக்கு 100 கிராமை வேக வைக்காமலே எடுத்து வைத்து, கீழே வண்டிச் சத்தம் கேட்டதும் மூடி வைத்த பழைய கஞ்சியையே மறுபடி கொதிக்க வைத்து அதில் போடுகிறேன். இரண்டாம் முறை வெந்த கஞ்சி முதலாவதைவிடக் கெட்டி. அதிலிருந்து கால் டம்ளர் ஊற்றினாலே போதும். அவர் கைகால் கழுவி உட்கார்வதற்குள் தட்டு தயாராகிவிடும்.