சார் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி

என் அக்கா பேரனுக்கு ஒரு பெரிய அதிகாரியிடம் தனி உதவியாளர் வேலை கிடைத்திருக்கிறது. "தாத்தா, அங்க என்னதான் செய்யணும்?" என்று கேட்டான். புதுச்சேரியில் 31 வருஷம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் நான். அவனுக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

இந்த வேலையின் உச்சி ஆளுநரின் செயலர் பதவி. அமெரிக்காவில் மாநில ஆளுநர் ஓட்டு வாங்கி வருகிறவர்; தன் அலுவலகத்தை நடத்தும் சீஃப் ஆஃப் ஸ்டாஃபைத் தானே பொறுக்கி எடுப்பார். அவர் போனால் இவரும் மூட்டை கட்டவேண்டியதுதான். இங்கே அந்த இடத்துக்குப் பெரும்பாலும் ஐ.ஏ.எஸ். அதிகாரி வருவார். அருணாசலம், கோவா, மிசோரம், யூனியன் பிரதேசங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஏ.ஜி.எம்.யு.டி. என்ற ஐ.ஏ.எஸ். பிரிவில் புதுச்சேரியும் இருப்பதால், நேற்று வரை டெல்லியிலோ அந்தமானிலோ இருந்தவர் இன்று வந்து நிற்கலாம். 2024 ஆகஸ்டில் துணைநிலை ஆளுநரான கைலாஷ்நாதனே குஜராத் முதல்வர் அலுவலகத்தில் தலைமை முதன்மைச் செயலராக இருந்தவர்தான். எங்களைப் போன்ற நாற்காலிக்காரர்களுக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்.

கீழேயிருந்து ஏறுகிறவனுக்கு சுருக்கெழுத்துதான் ஏணி. மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் எஸ்.எஸ்.சி.யின் ஸ்டெனோ தேர்வில் கிரேடு டி-க்கு நிமிஷத்துக்கு 80 சொல், சி-க்கு 100. அவ்வளவுதான் அதைப் பற்றி.

கோப்புதான் பாதி வேலை. மேலே வைக்கும் குறிப்பின் முதல் வரியிலேயே, இந்தக் கோப்பு ஏன் இந்த மேசைக்கு வந்தது என்று எழுதிவிடு. அமைச்சரே முடிக்கக்கூடியதா, துணைநிலை ஆளுநர் கையெழுத்து வேண்டுமா, டெல்லிக்குப் போகவேண்டியதா? 1963ஆம் வருஷத்து யூனியன் பிரதேசச் சட்டத்தில் 44ஆம் பிரிவைப் படித்து வைத்துக்கொள். அமைச்சரவைக்கும் துணைநிலை ஆளுநருக்கும் கருத்து வேறுபட்டால் விஷயம் குடியரசுத் தலைவர் முடிவுக்குப் போகும் என்பது அதில்தான் இருக்கிறது. இந்த ஊரில் பாதிச் சண்டை அங்கேதான் பிறக்கிறது. உன் குறிப்பில் யார் பக்கமும் சாயாதே. "விதி இது, முன்பு இப்படிச் செய்திருக்கிறோம்" என்பதோடு பேனாவை மூடு.

மனுவில்தான் நான் சறுக்கினேன். நெட்டப்பாக்கம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா வருவார். துணிப்பைக்குள் பிளாஸ்டிக் கவர், கவருக்குள் நாலாக மடித்த மனு, ரேஷன் கார்டு நகல். நின்றுபோன முதியோர் பென்ஷன். "பரிசீலிக்கவும்" என்று எழுதித் துறைக்கு அனுப்பிவிட்டேன். இரண்டாம் தடவை வந்தபோதும் அதையேதான் எழுதினேன். மூன்றாம் தடவை சார் வாசலில் அவரைப் பார்த்துவிட்டு, "இவங்க மனு இப்ப எங்க இருக்கு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்த அம்மாதான், "ஐயா மேல தப்பில்லைங்க, நான் அடிக்கடி வந்து தொந்தரவு பண்றேன்" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாளிலிருந்து தபால் நோட்டில் தனியாக ஒரு பத்தி போட்டேன். யாருக்குப் போனது, எந்தத் தேதிக்குள் பதில் வரவேண்டும் என்று சிவப்பு மையில் எழுதுவேன். அந்தத் தேதியில் நானே போன் செய்வேன். நீயும் அப்படிச் செய். தெலுங்கில் வரும் ஏனாம் மனுவையும் மலையாளத்தில் வரும் மாஹே மனுவையும் "மொழிபெயர்ப்புக்கு" என்று ஓரமாக வைத்துவிடாதே. அந்தப் பாஷை தெரிந்த ஆளை அன்றைக்கே தேடிப் பிடி.

போனில் "சார் இருக்காரா?" என்பவருக்கு இருக்கிறார், இல்லை என்று இரண்டும் சொல்லாதே. "நீங்க யார், என்ன விஷயம்னு சொன்னீங்கன்னா அவர்கிட்ட சொல்லிடறேன்" என்று ஆரம்பி. சொன்னபடி அவரிடம் சொல்லியும் விடு.

டைரியில் நம்மூர்த் தேதிகளை வருஷத் தொடக்கத்திலேயே குறித்து வை. வெளியூர் அதிகாரிகள் ஆகஸ்ட் 15 கொடியேற்றம் முடிந்ததும் ஊருக்குக் கிளம்பப் பார்ப்பார்கள். 16, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த நாள், கீழூரில் நிகழ்ச்சி உண்டு என்று முன்கூட்டியே சொல்லவேண்டியது நீ. 1954 அக்டோபர் 18-இல் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்த இடம் அது என்பதையும் அரைப் பக்கத்தில் எழுதிக் கொடு. பேச்சுக்கு உதவும்.

சாருக்கு மாற்றல் வந்தால் அவர் சொந்தக் கடிதங்களை ஒரு பெட்டியிலும், அரசுக் கோப்புகளை இன்னொன்றிலும் பிரித்துக் கட்டு. அறைச் சாமான் பட்டியலைச் சரிபார்த்து, பொறுப்பேற்பவரிடம் கையெழுத்து வாங்காமல் சாவியைக் கொடுக்காதே. நான் ஒரு தடவை அவசரத்தில் கொடுத்துவிட்டு, காணாமல்போன ஒரு சுவர்க் கடிகாரத்துக்கு ஆறு மாசம் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.